தோட்டப்புறத்தில் ஆங்கில நட்புமடல்

மடல் எழுதுதல் எழுத்தறிந்தார் எல்லார்க்கும் எளிதில் கைவரும் கலை என்று எண்ணுவாருண்டு. அதிலும் நண்பனுக்கு எழுதும் மடலில் என்ன இடர்ப்பாடு இருக்க முடியும்? ஆயினும் கோலசிலாங்கூர் வட்டாரத்துத் தோட்டப் பள்ளிகளிலிருந்து இடைநிலைப் பள்ளிக்குச் சென்ற மாணவர் பலர், ஆங்கில வாக்கிய இலக்கணத்தில் தேறிய பின்னரும், நண்பனுக்கு ஒரு பக்க ஆங்கில மடல் எழுதத் தடுமாறினர். இதற்குக் காரணம் இலக்கண அறிவின் குறைவு எனக் கூறி அமைவது எளிது. உண்மைக் காரணம் தோட்டத்து வாழ்வின் வரலாற்றுக்குள் புதைந்து கிடக்கின்றது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் சிலாங்கூர் ஆற்றின் இருமருங்கும் காடு திருத்தப்பட்டு இரப்பர் பயிரிடப்பட்டது. புக்கிட் ரோத்தான், ஈஜோக், ஜெராம், பாத்தாங் பெர்ஜுந்தை எனப் பரவிய தோட்டங்களில் தமிழகத்து வட்டாரங்களிலிருந்து வந்த மக்கள் குடியமர்ந்தனர். 1907-இல் தமிழர் குடியேற்ற நிதி ஏற்பட்டது; 1910-இல் ஒப்பந்தக் கூலி முறை ஒழிந்தது; கங்காணி முறை ஓங்கியது. இவ்வாறு வந்தோருள் எழுதப் படிக்கத் தெரிந்தவர் மிகச் சிலரே. ஆனால் மடல் வேண்டாதவர் எவருமிலர். நாகப்பட்டினத்தில் கப்பலேறிய மகன் பினாங்கில் இறங்கினானா, கிள்ளானுக்கு அப்பால் எந்தத் தோட்டத்தில் இருக்கிறான் என்பதை அறிய ஊரில் ஒரு தாய் காத்திருந்தாள். 1926 முதல் 1973 வரை இவ்வழியில் ஓடிய ரஜூலா கப்பல் ஆட்களை மட்டுமன்றி அவர்தம் கண்ணீரையும் மடல் மூட்டைகளாகச் சுமந்தது எனலாம்.

அந்நாளைய தமிழ் மடல் எத்தகையது? பிள்ளையார் சுழியிட்டு, 'நலம், நலமறிய ஆவல்' எனத் தொடங்கி, பெரியோர்க்கு வணக்கமும் சிறியோர்க்கு ஆசியும் வரிசைப்படி கூறி, 'இக்கடிதத்தைத் தந்திபோல் பாவித்து உடனே பதில் எழுதவும்' என்று முடியும். நற்செய்தி எனில் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவப்பட்டிருக்கும். கருமாதிச் செய்தி எனில் விளிம்பில் கறுப்பு மை இருக்கும். படித்தவுடன் கிழித்தெறிவரேயன்றி வீட்டினுள் கொண்டுசெல்லார். எழுத்தறியாதவரும் உறையைத் தொட்டவுடனே செய்தியின் தன்மையை அறிந்துகொண்டனர். இத்துணைச் சடங்கும் சொல்தொடரும் ஏன் வேண்டியிருந்தன? மடலைச் சொன்னவர் ஒருவர், எழுதியவர் இன்னொருவர், ஊரில் படித்துக் காட்டியவர் மற்றொருவர். கங்காணியின் திண்ணையில் அமர்ந்து, பத்துப்பேர் கேட்க, மனைவிக்கு என்ன சொல்ல முடியும்? ஆகவே நெஞ்சில் உள்ளது சொல்லில் வாராது தொடர்களுக்கிடையே ஒளிந்து நின்றது. பணவிடைத் தாளின் அடித்துண்டில் எழுதப்பட்ட இரண்டு வரியே சிலருடைய முழு மடலாகவும் இருந்தது. 'நலமறிய ஆவல்' என்பதை வெற்றுச் சடங்கு எனப் பிற்காலத்தார் எள்ளி நகையாடினர். அது முறையான நகைப்பு அன்று.

ஆங்கில மடலின் கதை வேறு. தோட்டத்தில் ஆங்கிலம் துரையின் மொழி. அவரையடுத்துக் கிராணியாரின் மொழி. பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடுவதும், ஆபீஸ் பேரேட்டில் கணக்கெழுதுவதும், பற்றுச்சீட்டு நிரப்புவதும் அம்மொழியில் நடந்தன. தொழிலாளி ஒருவனுக்கு ஆங்கிலத்தில் எழுத்து வேண்டியிருந்த தருணம் ஒன்றே ஒன்று, அது மனு. சம்பளப் பிடித்தம், வேலை நீக்கம், ஊர் திரும்ப அனுமதி முதலியவற்றுக்கு நகரத்தில் மனு எழுதுவோரை நாடி, காசு கொடுத்து எழுதுவித்துக் கைரேகை பதித்தான். 1923 முதல் கோலாலம்பூரில் இந்திய அரசின் ஏஜெண்டு அமர்ந்திருந்தார். தொழிற் பகுதி அதிகாரிகளும் இருந்தனர். அவர்களுக்குச் செல்லும் மனு 'ஐ ஹேவ் த ஆனர்' எனத் தொடங்கி, 'யுவர் மோஸ்ட் ஒபீடியன்ட் சர்வன்ட்' என முடிந்தது. உங்கள் மிகக் கீழ்ப்படிந்த ஊழியன் என்பது அதன் பொருள். நேர்மையாகக் கூறின் வெள்ளை அதிகாரிகளும் தமக்குள் எழுதிய அலுவல் மடல்களில் இதே தொடரைக் கையாண்டனர். அவர்கட்கு அது வெறும் மரபு. கைரேகை பதித்தவனுக்கோ அது உண்மை நிலை.

இதனால் ஒன்று விளங்குகின்றது. தோட்டத்தில் ஆங்கில எழுத்து எப்போதும் கீழிருந்து மேலே சென்றது. மேலிருந்து ஆணையாகக் கீழே வந்தது. ஒருவன் தனக்கு நிகரான இன்னொருவனுக்கு, பக்கவாட்டில், அம்மொழியில் எழுதியதைத் தோட்டத்துப் பிள்ளை கண்டதேயில்லை. நட்புமடலுக்கு வேண்டுவது நிகர்மை. அது பழக்கத்திலேயே இல்லாதபோது பாடநூல் மட்டும் என்ன செய்யும்?

துரைமாரோ தம் உற்றார்க்கு மனம்விட்டு எழுதினர். 1905-இல் மலாயாவுக்கு வந்து கோலசிலாங்கூருக்கு அருகே ரந்தாவ் பாஞ்சாங்கில் தோட்டம் அமைத்த பிரெஞ்சுக்காரர் ஆன்றி ஃபொகொன்னியே. பெயரிலேயே தென்னைமரத்தைத் தாங்கிய தென்னமரம் தோட்டத்தில் 1917-இல் வாணிக முறையில் செம்பனை நடப்பட்டது இவர் முயற்சியால்தான். இவர் எழுதிய 'மலேசி' என்னும் புதினம் 1930-இல் பிரான்சின் கொன்கூர் பரிசைப் பெற்றது. முதல் உலகப் போரின்போது மதலேன் என்னும் பெண்மணிக்கு அவர் எழுதிய மடல்கள் 1998-இல் நூலாகவே வெளிவந்தன. அவருடைய தோட்டத்தில் பால்வெட்டியவர்கள் எழுதுவித்த மடல்கள் லயத்துத் தகரப் பெட்டிகளில் கரையான் அரித்துப் போயின.

1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், ஏழு முதல் பதினான்கு வயது வரையுள்ள பிள்ளைகள் பத்துப்பேர் இருந்தால் தோட்டம் பள்ளி வைக்கவேண்டும் என விதித்தது. கிராணி, கங்காணி, ஓரளவு எழுத்தறிந்த தொழிலாளி ஆகியோரே பல இடங்களில் ஆசிரியராயினர். கட்டடம் கொட்டகையாயினும் பயன் சிறிதன்று. சில ஆண்டுகளில் லயத்திலேயே மடல் எழுதவல்ல சிறுவர் தோன்றினர். கங்காணியின் திண்ணை தேவையற்றுப் போயிற்று. தாய் சொல்ல மகள் எழுதினாள். ஆயின் அப்பள்ளிகள் கற்பித்தது தமிழும் கணக்குமே. ஆங்கிலப் பள்ளிகள் நகரங்களில், கட்டணத்துடன், தோட்டத்துக்கு எட்டாத் தொலைவில் இருந்தன.

தமிழன் ஆங்கிலத்தில் பக்கவாட்டில் எழுத இயலாதவனா எனின், அன்று. அதற்குச் சான்றான பெரியார் ஒருவர் இம்மண்ணுக்கே வந்து சென்றார். 1936-இன் இறுதியில் இந்தியத் தொழிலாளர் நிலையை ஆராய மலாயாவுக்கு வந்த வி.எஸ். சீனிவாச சாஸ்திரியார்தாம் அவர். கும்பகோணத்தை அடுத்த வலங்கைமானில் 1869-இல் பிறந்தவர். திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் தலைமையாசிரியராய் இருந்தவர். மலாயாவுக்கு வந்தபோது அண்ணாமலைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர். குறைக்கப்பட்டிருந்த கூலியை ஆணுக்கு 50 காசாகவும் பெண்ணுக்கு 40 காசாகவும் மீட்டுத் தரவேண்டும் என்று அவருடைய 1937-ஆம் ஆண்டு அறிக்கை பரிந்துரைத்தது. மலாயாத் தமிழர் பலருக்கு அவ்வறிக்கை நிறைவளிக்கவில்லை. மேட்டிமையோடு ஒட்டிப் போனார் என்ற குறை எழுந்தது. அக்குறையில் நியாயம் இல்லாமலில்லை. அஃது ஒருபுறமிருக்க, அவர் ஆங்கிலத்தில் எழுதிய நட்புமடல்கள் 1944-இல் தி.ந. ஜகதீசனால் தொகுக்கப்பெற்று நூலாயின. நாவன்மையால் ஆங்கிலேயரையே வியக்கவைத்த அவர் மடல்களில் மேடைக் குரல் இல்லை; உடல்நலிவும், ஊடலும், நகையும், தன்னைத் தானே குறைகூறிக்கொள்ளலும் உண்டு.

காந்தியடிகளைவிடச் சாஸ்திரியார் பத்து நாள் மூத்தவர். அரசியலில் இருவரும் அடிக்கடி முரண்பட்டனர். ஆயினும் அடிகள் அவருக்கு எழுதிய ஆங்கில மடல்கள் பல 'டியர் பிரதர்' என்றே தொடங்கின. ஆங்கில மரபுப்படி நண்பரைச் சகோதரர் என விளிக்கும் வழக்கம் இல்லை. ஆங்கிலம் நன்கறிந்த ஓர் இந்தியர், தம் நாட்டு உறவுச்சொல்லை அம்மொழியில் அமர்த்தினார். மொழி ஒன்றும் கெட்டுவிடவில்லை. எழுத்துப் பிழை பொறாதவர் எனப் பெயர்பெற்ற சாஸ்திரியாரும் அதனைப் பிழையாகக் கொண்டிலர்.

சாஸ்திரியார் வந்து சென்ற நான்காண்டுகளில் சிலாங்கூர்த் தோட்டங்கள் கொந்தளித்தன. 1941 மார்ச்சு முதல் மே வரை கிள்ளான் வட்டாரத்தில் எழுந்த வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளுள் கூலி உயர்வு மட்டும் இருக்கவில்லை. துரைமார்க்கும் கிராணிமார்க்கும் எதிரே சைக்கிளிலிருந்து இறங்க வேண்டும் என்னும் வழக்கம் ஒழியவேண்டும், பிள்ளைகளுக்கு முறையான கல்வி வேண்டும், உற்றார் உறவினர் தோட்டத்துக்குள் தடையின்றி வரவேண்டும் என்பனவும் இருந்தன. ஆங்கிலம் அறிந்த யாழ்ப்பாணத்து, மலையாளத்துக் கிராணிகளுக்கு மாறாகத் தொழிலாளரை மதிக்கும் தமிழர் வேண்டும் என்றும் கேட்டனர். தலைவர் ஆர்.எச். நாதன் நாடு கடத்தப்பட்டார், படை வந்தது, சுடப்பட்டு மாண்டவரும் உண்டு. சைக்கிளும் மொழியும் ஒரே பட்டியலில் நின்றமை எண்ணத்தக்கது. ஒன்றில் ஏறிச் செல்வதும் மற்றொன்றில் எழுதுவதும் உரிமையாயின.

அடுத்து வந்த சப்பானியர் ஆட்சியில் மடலே இல்லாது போயிற்று. 1942 சனவரி 11-இல் கோலாலம்பூர் வீழ்ந்தது. இந்தியாவோடு அஞ்சல் அறுந்தது. தோட்டங்களிலிருந்து சயாம் இரயில் பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்ட தமிழர் பல்லாயிரவர். திரும்பாதோர் மிகப் பலர். அங்கிருந்த வெள்ளைக் கைதிகளின் நாட்குறிப்புகளும் நினைவு நூல்களும் போருக்குப் பின் ஆங்கிலத்தில் குவிந்தன. தமிழர் துயரமோ வாய்மொழியாகவே நெடுங்காலம் நின்றது, ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' என்னும் புதினம் 1993-இல்தான் வந்தது.

விடுதலைக்குப் பின் தமிழ்ப்பள்ளிகள் தேசிய மாதிரிப் பள்ளிகளாயின. ஆங்கிலம் பாடமாக வகுப்பறைக்குள் வந்தது. அக்காலத்தே மு. வரதராசனாரின் 'தம்பிக்கு', 'தங்கைக்கு' போன்ற மடல் நூல்கள் இந்நாட்டு ஆசிரியர்களிடையேயும் பரவின. தமிழில் மனந்திறந்து எழுதும் முறைக்கு இவை நல்ல துணை. ஆங்கிலத்துக்கோ அத்தகைய துணை கிட்டவில்லை. புகுமுக வகுப்பில் அமர்ந்த தோட்டத்துப் பிள்ளை மனப்பாடம் செய்தது 'ஐ ஹோப் திஸ் லெட்டர் ஃபைண்ட்ஸ் யூ இன் த பிங்க் ஆஃப் ஹெல்த்' என்னும் தொடரை. இங்கிலாந்தில் அது என்றோ பழசாகிவிட்ட தொடர். ஆனால் தமிழ்ப் பிள்ளை அதனை உடனே பற்றிக்கொண்டதற்குக் காரணம் உண்டு. 'நான் இங்கு நலம், நீ அங்கு நலந்தானா' என்று பாட்டி சொல்ல எழுதிய கைக்கு அத்தொடர் அயலாகத் தோன்றவில்லை! அடுத்த பத்தியில்தான் இடர் வந்தது. 'ஐ பெக் டு இன்ஃபார்ம் யூ' என்று மனுவின் குரல் புகுந்தது. உடன் படிக்கும் தோழனிடம் பிள்ளை இரந்து நின்றான். 'பெக்' என்பதை அடித்துவிட்டு, நேற்று மாலை திடலில் நடந்ததை அப்படியே சொல் என்று கேட்ட ஆசிரியரிடம் பயின்றோர் விரைவில் தேறினர். பத்து மாதிரி மடல்களை மனப்பாடம் செய்வித்த வகுப்புகளில் எல்லாப் பிள்ளைகளும் ஒரே கடற்கரைக்கு ஒரே ஞாயிற்றுக்கிழமை சுற்றுலா சென்றனர்.

1969-க்குப் பின் வேலை அனுமதிச் சட்டத்தால் குடியுரிமையற்ற இந்தியர் பல்லாயிரவர் தாயகம் திரும்பினர். அண்ணன் இங்கும் தம்பி அங்குமாகக் குடும்பங்கள் பிரிந்தன. நீலநிற விமான மடல் இவர்களை இணைத்தது. முதல் தலைமுறை தமிழில் எழுதியது. இங்கே தேசியப் பள்ளியில் பயின்று தமிழெழுத்து அறியாது வளர்ந்த பிள்ளைக்கும், அங்கே ஆங்கிலவழிப் பள்ளியில் பயின்ற அவன் சிற்றப்பன் மகனுக்கும் பொதுவாய் எஞ்சியது ஆங்கிலமே. பெருமைப்படத்தக்க நிலை அன்று இது. ஆயினும் உறவு அறாதிருந்தமைக்கு அவ்வெளிய ஆங்கிலமும் ஒரு காரணம். அதில் 'அங்கிள்' என்றெழுதினால் பெரியப்பாவா, சித்தப்பாவா, மாமாவா என்பது விளங்காது. ஆகவே பிள்ளைகள் 'டியர் மாமா' என்றே எழுதினர். பள்ளியில் அதற்குச் சிவப்பு மைக் கோடு விழுந்தது. அடிகளும் சாஸ்திரியாரும் எழுதிக்கொண்ட முறையை அறிந்தோர் அக்கோட்டினை இட்டிரார்.

2021-ஆம் ஆண்டு முதல் எஸ்.பி.எம். ஆங்கில எழுத்துத் தாளின் முதற்பகுதி, நண்பரின் மின்மடலுக்கு ஏறத்தாழ 80 சொல்லில் மறுமொழி எழுதுவதாக அமைந்துள்ளது. நண்பர் கேட்ட வினாக்கள் அனைத்துக்கும் விடை சொல்லவேண்டும். சுருக்க வடிவங்கள் தவறல்ல. 'சர்வன்ட்' என முடிக்கும் தேவையும் இல்லை. பழைய பாடத்திட்டத்தில் நட்புமடல் வலப்பக்க மேல்மூலையில் எழுதுபவரின் முகவரியோடு தொடங்கியது. தோட்டத்துப் பிள்ளைக்கு மாதிரி பார்க்காமல் எழுதவந்த வரி அது ஒன்றே. தோட்டத்தின் பெயர், தீம்பார், 45600 பாத்தாங் பெர்ஜுந்தை. 2007-இல் அவ்வூர் பெஸ்தாரி ஜெயா ஆயிற்று. மின்மடலில் அந்த வரிக்கு இடமில்லை.