ஒன்பது குருமாரும் 87,998 ஊசலாட்டமும்

உயர்தரத்தில பௌதிகவியல் செய்தவர்களுக்குப் புவியீர்ப்பு ஆர்முடுகல் எண்டால் 9.8, கணக்கு லேசாக வரவேணுமெண்டால் 10. கூடவே ஒரு கதையும் ஞாபகம் வரும்: கலிலியோ பீசா கோபுரத்தில ஏறி இரண்டு குண்டுகளைப் போட்டார். இந்தக் கதையை எழுதி வைத்தவர் அவருடைய மாணவர் விவியானி, அதுவும் கலிலியோ இறந்த பிறகு. கலிலியோ தன் நூல்களில் பீசாவில் அப்படிச் செய்ததாகச் சொல்லவேயில்லை. அவர் செய்தது சாய்தளத்தில் குண்டை உருட்டி, ஒழுகிச் சேர்ந்த தண்ணீரை நிறுத்து நேரம் பார்த்தது. விழும் தூரம் நேரத்தின் வர்க்கத்தோடு கூடும் என்ற அவருடைய விதி சரி. ஆனால் எண் பிழை. 1632 இல் வந்த நூலில் அவர் தந்த கணக்குப்படி ஒரு பொருள் 5 செக்கனில் ஏறக்குறைய 58 மீற்றர் விழும். உண்மையில் 120 மீற்றருக்கு மேல்.

கோபுரத்தில ஏறி அளந்தவர் வேறு ஆள்: பொலோஞ்ஞா நகரத்து யேசு சபைக் குரு ஜொவான்னி பத்திஸ்தா ரிச்சியோலி. பூமி சுற்றுகிறது என்பதை ஏற்காதவர். கலிலியோவின் விதியிலும் அவருக்கு நம்பிக்கை இருக்கவில்லை.

முதல் பிரச்சினை நேரம். செக்கனை நம்பும்படி துல்லியமாகக் காட்டும் மணிக்கூடு அப்போது இல்லை. எனவே ஓர் ஊசலைச் செக்கனுக்கு ஒரு தடவை ஆடும்படி செய்யவேண்டும். சரியா எண்டு பார்க்க ஒரே வழி, ஒரு முழு நாள் எண்ணுவது! 1642 ஏப்ரலில் ஒன்பது குருமார் முறைவைத்து, ஊசல் நிற்காமல் தள்ளித் தள்ளி, 24 மணித்தியாலம் எண்ணினார்கள். நாளுக்கு 86,400 செக்கன். எண்ணி வந்தது 87,998. எங்கட பரிசோதனைக் கொப்பியில இவ்வளவு கிட்ட வந்தால் துள்ளிக் குதிப்போம். ரிச்சியோலிக்குப் போதவில்லை. நீளத்தை மாற்றித் திரும்பவும் எண்ணச் சொன்னார். கன பேர் கழன்றுவிட்டார்கள், பாவம். கிரிமால்தி போல ஓரிருவர்தான் கடைசிவரை நின்றார்கள்.

விழும் பொருளுக்குச் செக்கன்கூடப் பெரிய அளவு. அதனால் செக்கனுக்கு ஆறு தடவை அடிக்கும் குட்டி ஊசல் ஒன்றைச் செய்தார்கள். அந்த வேகத்துக்கு லத்தீனில் எண்ணினால் நாக்குப் புரளாது. பொலோஞ்ஞாவின் பேச்சுமொழிச் சொற்களைக் குறுக்கி, ஊன், டூ, ட்ரி என்று எண்ணினார்கள். பத்துக்குப் பத்து விரலை மடித்துக் கணக்கு வைத்தார்கள். அறிவியல் வரலாற்றில எனக்குப் பிடித்த இடம் இதுதான். படித்த பாஷை கைவிட, ஊர்ப்பேச்சு காப்பாற்றியிருக்கிறது.

அசினெல்லி கோபுரம் 97 மீற்றர் உயரம். மேலே இருந்து உருண்டைகளை விட்டார்கள். முதல் செக்கன் முடிய 15 ரோம அடி, இரண்டில் 60, மூன்றில் 135, நான்கில் 240. ஒவ்வொரு செக்கனிலும் விழுந்ததைத் தனியே எடுத்தால் 15, 45, 75, 105. அதாவது 1, 3, 5, 7. கலிலியோ சொன்ன அதே ஒற்றை எண் வரிசை. ஆர்முடுகலும் எங்கட 9.8 இலிருந்து அவ்வளவு தூரமில்லை.

இதை அவர் அமத்தி வைத்திருக்கலாம். மாறாக, கிரிமால்தியையும் கூட்டிக்கொண்டு அதே நகரத்தில் கணிதப் பேராசிரியராக இருந்த, கலிலியோவின் மாணவர் கவலியேரியிடம் போய், உங்கட குரு சொன்னது சரிதான் என்று சொன்னார். 1651 இல் எல்லா அளவையும் அச்சிலும் போட்டார், பூமி அசையாது என்று வாதிட்ட அதே பெரிய நூலில். ஒன்றில் பிழைத்தவர் மற்றதில் நேர்மையாக இருந்தார். எங்கட பாடப்புத்தகங்களுக்கு அப்படியான ஆள் வசதிப்படாது.

அந்த நூலில் ஒரு நிலாப் படமும் உண்டு. 1971 இல் அப்பல்லோ 15 விண்வெளி வீரர் டேவிட் ஸ்கொட் நிலவில் சுத்தியலையும் இறகையும் ஒன்றாக விட்டுக் காட்டியபோது கலிலியோவின் பெயரைத்தான் சொன்னார். அவர் நின்றது மழைக்கடல் எனப்படும் சமவெளியின் ஓரத்தில். அந்தப் பெயர் ரிச்சியோலியின் படத்தில் இருந்து வந்தது.