மெல்லிய காற்றும் பழைய டர்போவும்

ஏப்ரல் பிறந்துவிட்டால் நுவரெலியாவைப் பற்றி எழுதாத பத்திரிகை இலங்கையில் இல்லை. மலர்க் கண்காட்சி, குதிரைப் பந்தயம், கிரகரி வாவியில் படகோட்டம் என்று வசந்தகாலச் செய்திகள் வரிசையாக வரும். அவற்றோடு மாகாஸ்தோட்டை மலையேற்றக் கார்ப் பந்தயமும் தவறாமல் இடம்பெறும். தேயிலைத் தோட்டத்தினூடே வளைந்து ஏறும் பாதையில் வாகனங்கள் ஒவ்வொன்றாகக் கடிகாரத்தோடு போட்டியிடும் இப்பந்தயம் 1934 இல் தொடங்கியது. ஆசியாவின் மிகப் பழைய மோட்டார்ப் பந்தயங்களுள் ஒன்று இது.

இச்செய்திகளை நானும் ஆண்டுதோறும் எழுதியவன்தான். ஓட்டியவர் பெயர், காரின் பெயர், எடுத்த நேரம் வினாடியின் நூறிலொரு பங்கு வரை. அந்தக் காரை முந்தைய இரவெல்லாம் கண்விழித்துத் திருத்தியவர் யார் என்று நான் ஒருமுறையேனும் கேட்டதில்லை. எனக்கு முன் எழுதியவர்களும் கேட்டதாகத் தெரியவில்லை. இதை எழுதத் தூண்டியது அந்தக் குறைதான்.

நுவரெலியா நகரை அடுத்து வாழும் என் நண்பர் ஒருவரின் வீட்டுப் பின்புறத்தில் தகரக் கொட்டில் ஒன்று உண்டு. அதற்குள் நிற்பது டொயோட்டா ஸ்டார்லட் ஜிடி டர்போ. ஜப்பானில் 1989 டிசம்பரில் அறிமுகமான ஈ.பி. 82 வகை. 1,331 கன சென்டிமீற்றர் கொண்ட சிறு எஞ்சினிலிருந்து 135 குதிரைவலுவைப் பிழிந்தெடுத்த கார். மூடியின் மேலே காற்றை உள்வாங்கும் ஒரு வாய், அதன் அடியில் இண்டர்கூலர். பார்வைக்குச் சாதாரண வீட்டுக் கார். மிதித்தால் தெரியும் அதன் குணம். நண்பர் இதை மூன்று முறை முழுமையாகக் கழற்றிப் பூட்டியிருக்கிறார். அவருடைய மனைவி இக்கொட்டிலை 'இரண்டாம் வீடு' என்பார். எதற்கு இரண்டாம் வீடு என்பதை நான் விளக்கப்போவதில்லை.

டர்போவுக்கும் மலைக்கும் உள்ள உறவு இந்தக் காரைவிடப் பழையது. எஞ்சினிலிருந்து வீணே வெளியேறும் புகையின் விசையைக் கொண்டே ஒரு சக்கரத்தைச் சுழற்றி, அச்சுழற்சியால் கூடுதல் காற்றை எஞ்சினுக்குள் அழுத்தலாம் என்று சுவிற்சர்லாந்துப் பொறியியலாளர் அல்பிரட் பூக்கி 1905 இல் காப்புரிமை பெற்றார். அது வேலை செய்யும் என்பதை உலகுக்குக் காட்டிய இடம் ஒரு மலையுச்சி. விமான எஞ்சின்கள் உயரே செல்லச் செல்லக் காற்றின்றி வலுவிழந்த காலம் அது. 1918 இல் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தின் சான்போர்ட் மொஸ், லிபர்ட்டி விமான எஞ்சின் ஒன்றை அமெரிக்காவின் பைக்ஸ் பீக் மலைக்கு, ஏறத்தாழ 4,300 மீற்றர் உயரத்துக்கு, லொறியில் ஏற்றிச் சென்று இயக்கிப் பார்த்தார். தரைமட்டத்தில் 350 குதிரைவலு தந்த அந்த எஞ்சின் உச்சியில் 230 ஆகச் சுருங்கியது. டர்போவைப் பூட்டியதும் 356 ஆக உயர்ந்தது.

நுவரெலியா நகரம் 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. இங்கே காற்றின் அழுத்தம் கொழும்பில் இருப்பதன் ஐந்தில் நான்கு பங்குதான். டர்போ இல்லாத கார் கொழும்பில் காட்டும் வலுவில் ஐந்தில் ஒரு பங்கை இங்கே ஏறும்போதே இழந்துவிடுகிறது. அந்நாளில் மொரிஸ் மைனரையும் மினியையும் கொண்டு இம்மலையில் பந்தயம் ஓட முனைந்தவர்களுக்கு இது பெருந்தலைவலி. காற்று குறைய, கார்பரேற்றர் அதே அளவு பெற்றோலை ஊற்ற, எஞ்சின் கரும்புகை கக்கித் திணறும். அதற்கேற்ற ஜெட்டைத் தேடிப் பிடித்து மாற்ற வேண்டும். இதை அறிந்த கைகள்தாம் பந்தயத்தை வென்று கொடுத்தன.

அந்தக் கைகள் யாருடையவை? பந்தயம் தோட்டத்துரைமார்களின் பொழுதுபோக்காகத் தொடங்கியது. ஆனால் தோட்டத்தில் இயந்திரம் அறிந்தவர் துரை அல்லர். தேயிலைத் தொழிற்சாலைகளில் எஞ்சின் இருந்தது; கொழுந்தை உருட்டும் றோலர்களும் அவற்றை ஓட்டும் தண்டுகளும் பட்டிகளும் இருந்தன. அவற்றைக் காத்தவர்கள் அங்கே வேலை பார்த்த பிட்டர்கள். என் நண்பரின் தந்தையும் ஒரு தொழிற்சாலை பிட்டர். துரையின் கார் நின்றுபோனால் அழைப்பு வருவதும் அவருக்குத்தான். 1948 இன் குடியுரிமைச் சட்டம் இம்மக்களை நாடற்றவர்களாக்கியது. 1964 ஒப்பந்தத்தின்படி பல இலட்சம் பேர் இந்தியாவுக்கென்று பட்டியலிடப்பட்டார்கள். கப்பலேறியவர்களோடு எத்தனை தொழில் ரகசியங்கள் கப்பலேறின என்பதற்குக் கணக்கில்லை.

எஞ்சியவர்களை நாட்டின் வறுமை ஆசிரியனாக நின்று பழக்கியது. 1970 முதல் 1977 வரை இறக்குமதிக் கட்டுப்பாடு கழுத்தை இறுக்கிய காலம். புதிய காரும் இல்லை, உதிரிப்பாகமும் இல்லை. உடைந்ததைக் கடைந்து, ஒட்டி, வேறொன்றிலிருந்து பொருத்தித்தான் ஓட்டவேண்டும். இலங்கையில் செய்த மொரிஸ் மைனர் பாகங்கள் 1990களில் இங்கிலாந்தின் பாத் நகருக்கு ஏற்றுமதியாயின என்றால் அத்தொழில் எவ்வளவு முற்றியிருந்தது என்பதை வாசகர்கள் ஊகிக்கலாம். 1977 இல் கதவு திறந்ததும் ஜப்பானியப் பழைய கார்கள் வந்து குவிந்தன. அவற்றின் பின்னே பஞ்சிகாவத்தைக் கடைகளுக்குக் கழற்றிய எஞ்சின்களும் வந்தன.

2020 மார்ச்சில் கதவு மறுபடி அடைபட்டது. தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரி வரை திறக்கவில்லை. முப்பது வயதுக் காரைக் கைவிட எண்ணியிருந்தவர்களும் ஸ்பானரைக் கையில் எடுத்தார்கள். 2022 இல் கியூஆர் அட்டைக்கு அளந்து பெற்றோல் ஊற்றிய நாள்களில் நண்பரின் கார் ஓடவில்லை. ஆனால் கொட்டிலில் விளக்கு அணையவில்லை.

நண்பர் செய்த தவறு ஒன்றையும் சொல்ல வேண்டும், அவருடைய அனுமதியோடு. டர்போ தரும் அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேல் கூட்டப்படுவது. ஆதலால் வெளிக்காற்று மெலிந்த நுவரெலியாவில் டர்போ காரும் கொஞ்சம் வலுவை இழக்கும், மற்றக் கார்களைப்போல் அவ்வளவு இல்லையெனினும். இந்த இழப்பை ஈடுசெய்ய நண்பர் அழுத்தத்தை உயர்த்தி வைத்தார். மலையில் கார் பறந்தது. பின் ஒருநாள் அதே அமைப்போடு கொழும்புக்கு இறங்கினார். அங்கே அடர்ந்த வெப்பக் காற்று. தொட்டியிலோ 92 ஒக்டேன் பெற்றோல். ஜப்பானில் உயர்தரப் பெற்றோலுக்கென்று வடித்த எஞ்சின் அது. அவிசாவளையைத் தாண்டியதும் உள்ளே கூழாங்கல் குலுங்குவதுபோல் ஒரு சத்தம். வீதியோரம் நிறுத்தித் திறந்து பார்ப்பதற்குள் ஒரு பிஸ்டனின் வளையப் பள்ளம் உடைந்துவிட்டிருந்தது. மலையில் சரியானது கடற்கரையில் கொலைகாரனாகும் என்பதை அன்று கற்றதாகச் சொன்னார்.

அதன் பிறகு வேலையின் வரிசையே மாறிவிட்டது. முதலில் வெடித்த றப்பர் குழாய்கள். முப்பது வருட றப்பர் எங்கே காற்றை விடும் என்று சோப்பு நீர் தடவித் தேடுகிறார். அடுத்து டர்போவின் எண்ணெய்ச் சீல். அது தேய்ந்தால் நீலப்புகை. மலையேறி வந்ததும் எஞ்சினை உடனே அணைக்காமல் சில நிமிடம் ஓடவிடுகிறார். சூடான டர்போவுக்குள் எண்ணெய் நின்றால் கரியாகிப் படியும். இவை எல்லாவற்றுக்கும் முன்னதாக பிரேக். இறம்பொடைக் கணவாயில் இறங்கிப் பழகியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 2023 ஜனவரி 20 அன்று நானுஓயா ரதல்ல குறுக்குப் பாதையில் பாடசாலை மாணவரை ஏற்றிவந்த பஸ் கட்டுப்பாட்டை இழந்து வேனிலும் முச்சக்கரவண்டியிலும் மோதியதில் ஏழு பேர் மாண்டார்கள். அந்த பஸ்ஸுக்கும் டர்போவுக்கும் தொடர்பில்லை. சரிவு மட்டும் ஒன்று. வலுவைக் கூட்டித் தருமாறு தம்மிடம் வரும் இளைஞர்களிடம், "தம்பி, முதல்ல பிரேக்கைக் கழட்டு, பார்ப்போம்" என்கிறார் நண்பர். பாதிப்பேர் திரும்பி வருவதில்லையாம்.

அவருடைய கருவிப் பெட்டியில் இன்னும் தந்தையாரின் பீலர் கேஜ் இருக்கிறது. எண்கள் தேய்ந்துபோய், எந்த இலை எந்தத் தடிப்பு என்பது விரலுக்கு மட்டுமே தெரியும். தந்தையார் எந்தத் துரையின் எந்தக் காரை எந்த ஆண்டு பந்தயத்துக்குத் தயார்செய்தார் என்று கேட்டேன். "அதையெல்லாம் யாருண்ணே எழுதி வச்சா?" என்றார்.

உலகெங்கும் பரந்திருக்கும் மலையகத்து வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் அப்பாவோ தாத்தாவோ தொழிற்சாலை பிட்டராகவோ துரையின் டிரைவராகவோ இருந்து பந்தயக் கார்களைத் தொட்டவரானால், தோட்டத்தின் பெயர், ஏறத்தாழ எந்த ஆண்டு, என்ன கார் என்ற மூன்றை மட்டுமாவது எனக்கு எழுதுங்கள். ஒரு பழைய நோட்டுப் புத்தகத்தில் குறிக்கத் தொடங்கியிருக்கிறேன். இதுவரை பதினொரு பெயர் சேர்ந்திருக்கிறது. அவற்றுள் நால்வருக்குத் தோட்டத்தின் பெயர் கிடைக்கவில்லை.