யாழ்ப்பாணத்து வளவும் ரோசாச் செடியும்

யாழ்ப்பாணத்தார் தம் வளவில் பூமரம் வைத்தது பெரும்பாலும் சுவாமி பூசைக்கே ஆதலின், செவ்வரத்தையும் நந்தியாவட்டையும் அலரியும் கிணற்றடியிற் பெற்றிருந்த ஸ்தானத்தை, சீனத்து இனங்களும் ஐரோப்பிய இனங்களும் கலந்து பிறந்த நவீன ரோசா எளிதிற் பெற்றுவிடவில்லை. 1867இல் பிரான்சில் தோன்றிய 'லா பிரான்ஸ்' முதலிய கலப்பினங்களுக்கு மலைநாட்டுக் குளிரே இசைந்தது. அம்மலைநாட்டில் 1861இல் சிங்கோனாப் பயிருக்கென அமைந்த ஹக்கலைப் பூங்கா பிற்காலத்தில் ரோசாவாற் கீர்த்தி பெற்றது. 1905இல் கொழும்புக்கு இருப்புப்பாதை முற்றுப்பெற்றபின், விடுமுறைக்கு ஊர் திரும்பும் உத்தியோகத்தர் அத்தகைய செடிகளைக் கொணர ஆசைப்படுதல் இயல்பே. ஆயினும் மண் அவ்வாசையை மதிப்பதில்லை. சுண்ணக்கற்பாறையினின்று ஊறும் கிணற்றுநீர் காரத்தன்மை மிக்கதாகையால், வேர்கள் இரும்புச்சத்தைக் கவரமாட்டாது, நரம்பு மட்டும் பச்சையாய் நிற்க இளந்தளிர் மஞ்சளிக்கும். கோப்பாய், உரும்பிராய்ப் பக்கத்துச் செம்பாட்டு மண்ணில் மாட்டெருவிட்டுக் குழை தாழ்த்து வளர்ப்பவர்க்கு இத்துன்பம் சற்றுக் குறையும். என் மதிப்பில், கண்காட்சிக்குரிய பெரும்பூ இனங்களைக் காட்டிலும், வெப்பத்தைப் பொறுத்து, தடி நட்டாலும் சொந்த வேரிலேயே நிற்கின்ற, மணமுள்ள எட்வர்டு ரோசாவே நம் வளவுக்கு உரியது. ரெயூனியன் தீவிற் பிறந்த பூர்பன் வகுப்பைச் சேர்ந்த அதனை, தமிழகத்தில் மாலை கட்டுவோர் நெடுங்காலமாகக் கையாண்டு வருகின்றனர்.