காதுக்குள் ஒரு வெள்ளைப் புள்ளி

அக்காவுக்கு 1994-இல் காது ஆபரேஷன். ஒரு வருஷம் கழிச்சு மறுபடி திறந்தாங்க, மிச்சம் இருக்கான்னு பார்க்க மட்டும். ஒன்றுமில்லை. அன்று அதுதான் முறை.

நோயின் பெயர் கொலஸ்டியாட்டோமா. 1838-இல் ஜெர்மனியின் யோஹான்னஸ் முல்லர் வைத்தது. பெயரே தப்பு, அது கொலஸ்ட்ராலும் இல்லை, புற்றுநோயும் இல்லை. நடுக்காதுக்குள் வளரும் தோல். உதிரும் கெரட்டின் சேர்ந்து எலும்பை அரிக்கும். துணுக்கு மிஞ்சினால் மறுபடி வளரும். சிடி ஸ்கேனில் அதையும் தழும்புத் திசுவையும் பிரித்தறிவது கஷ்டம்.

வழி வேறு பக்கமிருந்து வந்தது. 1980களின் நடுவில் பிரான்ஸில் டெனி லெ பிஹான் தண்ணீர் மூலக்கூறுகளின் அசைவை எம்ஆர்ஐயில் படமாக்கினார். 1990களில் அது பக்கவாதத்தைக் கண்டறிய உதவியது. கெரட்டினுக்குள்ளும் தண்ணீர் எளிதில் நகராது. அதனால் படத்தில் வெள்ளையாக மின்னும். ஆனால் காற்றும் எலும்பும் சேருமிடத்தில் படம் கோணிக்கொண்டது. 2000களில் 'நான்-எக்கோ பிளானார்' முறை அதைப் பெருமளவு சரிசெய்தது.

இப்போது சுமார் 3 மி.மீ. துணுக்குகூடத் தெரியும். அதைவிடச் சிறியது தப்பலாம் என்பதால் சில வருஷங்கள் ஸ்கேனைத் திரும்ப எடுப்பார்கள்.

அக்காகிட்ட சொன்னேன். "அப்ப ரெண்டாவது தடவை முடிய மழிச்சது வீணா?"

"வீண் இல்லைக்கா. அப்ப பார்க்க வேற கண்ணு இல்லை."