பச்சை ரேஷன் புத்தகமும் பாட்டியின் பயமும்



காஸ்ட் அக்கவுண்டிங் படிக்க வேண்டிய நேரத்தில் கர்ப்பிணிகளின் எடையைப் பற்றி எழுத உட்கார்ந்திருக்கிறேன். பி.காம். படிக்கிறவனுக்கு இது எதுக்கு என்று கேட்காதீர்கள். காரணம் வீட்டிலேயே இருக்கிறது. :-)

என் அக்கா ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்து எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறாள். போன வாரம் எடை பார்த்த நர்ஸம்மா, "இத்தனை மாசத்துல நாலு கிலோதான் ஏறியிருக்கு, நல்லா சாப்பிடும்மா" என்று சொல்லி அனுப்பினார். வீட்டுக்கு வந்து அக்கா இரண்டாவது தடவை சோறு போட்டுக்கொண்டதும் பாட்டி தடுத்துவிட்டார். "போதும் கண்ணு. வயித்துல பிள்ளை பெருத்துட்டா வெளிய வராது. அப்புறம் கத்தி வச்சிருவாங்க."

எனக்குக் கோபம்தான் வந்தது. இது என்ன மூடநம்பிக்கை என்று தேட ஆரம்பித்தேன். தேடிப் பார்த்தால், பாட்டி சொன்னதையே ஒரு ஜெர்மன் டாக்டர் 1889லேயே எழுதி வைத்திருக்கிறார்!

ஹாம்பர்க் டாக்டரும் எங்கள் பாட்டியும்

அவர் பெயர் ப்ரோகோவ்னிக். ஹாம்பர்க் நகரத்துப் பிரசவ மருத்துவர். அந்தக் காலத்து ஐரோப்பியத் தொழில் நகரங்களில் வெயில் படாமலும் சத்தில்லாமலும் வளர்ந்த பெண் குழந்தைகளுக்கு ரிக்கட்ஸ் என்ற எலும்பு நோய் வரும். அவர்கள் வளர்ந்து கர்ப்பமாகும்போது இடுப்பெலும்பு குறுகலாக இருக்கும். குழந்தை வர வழியில்லை. அன்றைக்கு சிசேரியன் என்பது தாயின் உயிரையே பணயம் வைக்கிற காரியம். எனவே கடைசி வாரங்களில் மாவுப் பொருளையும் தண்ணீரையும் குறைத்துவிட்டால் குழந்தை சின்னதாகப் பிறக்கும், தாய் பிழைப்பாள் என்று அவர் ஒரு பத்திய முறையைச் சொன்னார்.

அவர் சொன்னது இடுப்பு குறுகிய பெண்களுக்கு மட்டும். ஆனால் அந்த யோசனை மெல்ல எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் பரவிவிட்டது. எடை கூடினால் ரத்த அழுத்தமும் வலிப்பும் வரும் என்ற பயமும் சேர்ந்துகொண்டது. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில்கூட அமெரிக்காவில் பல டாக்டர்கள் 7 முதல் 9 கிலோவுக்கு மேல் ஏறக்கூடாது என்று பெண்களைக் கண்டித்துக்கொண்டிருந்தார்கள். 1970ல் அமெரிக்க தேசிய ஆய்வுக் குழுவின் அறிக்கை வந்த பிறகுதான் இது மாறியது. 9 முதல் 11 கிலோ வரை ஏறலாம், வீணாகக் கட்டுப்படுத்தாதீர்கள் என்றது அந்த அறிக்கை. 1990லிருந்து, கர்ப்பத்துக்கு முன்னால் அந்தப் பெண் ஒல்லியா பருமனா என்று பார்த்து அதற்கேற்ப எடை சொல்லும் முறை வந்தது. 2009ல் அதைத் திருத்தினார்கள். அந்தக் கணக்குப்படி ஒல்லியான பெண்ணுக்கு 12.5 முதல் 18 கிலோ, உடல் பருமன் உள்ளவருக்கு 5 முதல் 9 கிலோ. நம் ஊரில் பொதுவாகச் சொல்வது 10 முதல் 12 கிலோ.

ஆக, பாட்டி ஒன்றும் முட்டாள் இல்லை. ஆஸ்பத்திரி எட்டாத காலத்தில், பிள்ளை சிக்கிக்கொண்டு தாய் செத்ததைக் கண்ணால் பார்த்தவர்களின் பயம் அது. நிலைமை மாறிவிட்டது, பயம் மட்டும் அப்படியே நின்றுவிட்டது.

ஹாலந்து: உணவு நின்றுபோன ஒரு குளிர்காலம்

தாய் பட்டினி கிடந்தால் குழந்தைக்கு என்ன ஆகும்? இதை யாரும் சோதனை செய்து பார்க்க முடியாது, செய்யவும் கூடாது. ஆனால் இரண்டாம் உலகப் போர் அந்தக் கொடுமையைச் செய்து காட்டிவிட்டது.

1944 செப்டம்பரில் நேச நாட்டுப் படைகளுக்கு உதவியாக ஹாலந்து ரயில்வே தொழிலாளர்கள் வேலை நிறுத்தம் செய்தார்கள். ஆத்திரமடைந்த ஜெர்மானியர்கள் மேற்கு ஹாலந்துக்கு உணவு போவதைத் தடுத்தார்கள். பிறகு நீர்வழியை மட்டும் திறந்துவிட்டபோது குளிரில் கால்வாய்கள் உறைந்துவிட்டன. ஆம்ஸ்டர்டாம், ராட்டர்டாம், ஹேக் போன்ற நகரங்களில் ரேஷன் ஒரு ஆளுக்கு நாளொன்றுக்கு 1000 கலோரிக்கும் கீழே போனது. மக்கள் துலிப் பூச்செடியின் கிழங்கைத் தின்றார்கள். 20,000 பேருக்கு மேல் இறந்தார்கள். 1945 மே மாதம் விடுதலை வந்ததும் உணவும் வந்தது.

பட்டினி எப்போது தொடங்கியது, எப்போது முடிந்தது என்பது தெளிவாகத் தெரியும். பிறப்புப் பதிவேடுகளும் ஒழுங்காக இருந்தன. அதனால் பின்னாளில் ஆராய்ச்சியாளர்களால் கணக்குப் பார்க்க முடிந்தது. கடைசி மூன்று மாதங்கள் பட்டினியில் சிக்கிய தாய்மார்களின் குழந்தைகள் சராசரியாக 300 கிராம் வரை குறைவாகப் பிறந்தன. உணவு வந்த சில மாதங்களிலேயே பிறப்பு எடை பழைய நிலைக்குத் திரும்பியது. கர்ப்பத்தின் ஆரம்ப மாதங்களில் பட்டினியைச் சந்தித்தவர்களின் பிள்ளைகளுக்கு, பிறக்கும்போது எடை சரியாக இருந்தும், ஐம்பது வயதுவாக்கில் இதய நோய் அதிகமாக வந்தது.

யோசித்துப் பாருங்கள். ஒரு குளிர்காலத்துச் சாப்பாட்டுக் கணக்கு ஐம்பது வருஷம் கழித்து வட்டியோடு வருகிறது.

இங்கிலாந்து: பச்சைப் புத்தகம்

அதே போர்க்காலத்தில் கடலுக்கு அந்தப் பக்கம் நேர்மாறாக ஒன்று நடந்தது. என்னை இந்தப் பதிவு எழுத வைத்ததே இதுதான்.

பிரிட்டனில் 1940 ஜனவரியில் ரேஷன் வந்தது. இறைச்சி, வெண்ணெய், சர்க்கரை எல்லாமே அளவுதான். (இறைச்சியை மட்டும் எடைக்குப் பதிலாக விலையை வைத்து அளந்தார்களாம். இத்தனை பென்னிக்கு வாங்கிக்கொள் என்று. காமர்ஸ் மாணவர்கள் ரசிக்கலாம்!) டன்கிர்க்கிலிருந்து படைகள் தப்பி வந்த அடுத்த மாதம், 1940 ஜூலையில், அந்த அரசாங்கம் தேசிய பால் திட்டத்தை ஆரம்பித்தது. கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் ஆகியோருக்கு தினமும் ஒரு பைன்ட் பால். விலை இரண்டு பென்னி, ஏழைகளுக்கு இலவசம். ஒரு பைன்ட் என்றால் 568 மில்லி. ஆறு மாதத்துக்குக் கணக்குப் போட்டால் ஒரு கர்ப்பிணிக்கு 100 லிட்டருக்கு மேல் வருகிறது. குண்டு விழுந்துகொண்டிருந்த ஊரில்!

உணவு அமைச்சர் வூல்டன் பிரபு, அவருக்கு அறிவியல் ஆலோசகர் ஜாக் டிரம்மண்ட். இவர்கள் காலத்தில் கர்ப்பிணிகளுக்குத் தனியாகப் பச்சை நிற ரேஷன் புத்தகம் கொடுத்தார்கள். அதைக் காட்டினால் கூடுதலாக முட்டை, பாதிப் பங்கு கூடுதல் இறைச்சி, கடையில் பழம் வந்தால் முதல் உரிமை. 1941 டிசம்பரில் வைட்டமின் திட்டம் வந்தது. அதில் காட் மீன் எண்ணெய் கொடுத்தார்கள், பிறகு அமெரிக்காவிலிருந்து ஆரஞ்சு சாறும் வந்தது. (மீன் எண்ணெயை வாங்க ஆள் குறைவு. காரணம் சொல்ல வேண்டியதில்லை, குடித்தவர்களுக்குத் தெரியும்.)

பலன்? இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளில் 1939ல் ஆயிரம் பிரசவத்துக்குச் சுமார் 38 குழந்தைகள் இறந்தே பிறந்தன. 1945ல் அது 28 ஆகக் குறைந்தது. எல்லாப் பெருமையும் பாலுக்கே போகாது. எல்லோருக்கும் வேலை கிடைத்தது, புதிய மருந்துகள் வந்தன. ஆனாலும் போர் நடக்கும் நாட்டில் இந்த எண் குறைவது சாதாரண விஷயமில்லை.

யார் கையில் கொடுப்பது?

பச்சைப் புத்தகத்தில் எனக்கு முக்கியமாகத் தோன்றுவது ஒன்று உண்டு. அது குடும்பத்துக்கான அட்டை இல்லை, அவளுடைய புத்தகம். வீட்டில் பற்றாக்குறை என்றால் முதலில் தன் தட்டைக் குறைத்துக்கொள்வது அம்மாதான். இது நம் ஊரில் மட்டும் நடப்பதில்லை. இதைப் பார்த்துத்தான் எலினார் ராத்போன் என்ற பெண் எம்.பி., 1924ல் ஒரு புத்தகம் எழுதி, குடும்ப உதவித்தொகை வேண்டும் என்று இருபது வருஷத்துக்கு மேல் போராடினார். 1945ல் சட்டம் வந்தபோது அரசாங்கம் பணத்தை அப்பாவிடம் கொடுப்பதாக இருந்தது. அப்படியானால் நானே எதிர்த்து வாக்களிப்பேன் என்றார் ராத்போன். கடைசியில் அம்மாவிடமே கொடுப்பது என்று மாற்றினார்கள். 1946 ஜனவரியில் அவர் இறந்தார், ஆகஸ்டில் முதல் தொகை வழங்கப்பட்டது.

சரி, நம் ஊருக்கு வருவோம். 1975 அக்டோபர் 2ல் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் நாட்டில் 33 வட்டாரங்களில் தொடங்கியது. அங்கன்வாடியில் கர்ப்பிணிகளுக்குச் சத்துமாவு கிடைப்பது அதன் வழியாகத்தான். தமிழ்நாட்டில் 1987ல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரில் மகப்பேறு நிதியுதவித் திட்டம் 300 ரூபாயில் ஆரம்பித்தது. அது 2006ல் 6,000, 2011ல் 12,000, 2018ல் 18,000 என்று உயர்ந்தது. இந்த 18,000ல் 14,000 பணமாகவும் மீதி தலா 2,000 ரூபாய் மதிப்புள்ள இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகங்களாகவும் வந்தன. பேரீச்சை, நெய், இரும்புச்சத்து டானிக் எல்லாம் அதில் உண்டு.

ஆனால் பெட்டகம் வீட்டுக்கு வந்த பிறகு என்ன நடக்கிறது? எங்கள் வீட்டு உண்மையைச் சொல்கிறேன். பேரீச்சையில் பாதியைத் தின்றது நான். நெய் எல்லோர் இட்லிப் பொடியிலும் கலந்தது. சத்துமாவு உருண்டை அத்தை பிள்ளைகளுக்குப் போனது. அக்கா ஒரு வார்த்தை சொல்லவில்லை. இதையெல்லாம் படித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. நாலு கிலோ கணக்கில் என் பங்கும் இருக்கிறது.

வளைகாப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். பல வகைச் சாதம் கட்டி, ஊரைக் கூட்டி, அவளை அம்மா வீட்டுக்கு அனுப்புகிறோம். குழந்தை வேகமாக எடை போடுகிற கடைசி மூன்று மாதம் அவளுக்கு ஓய்வும் சோறும் வேண்டும் என்பதை நம் முன்னோர் பழக்கமாகவே செய்து வைத்திருக்கிறார்கள். ஆனால் அந்த ஒரு நாள் விருந்தோடு நிறுத்திவிட்டால் பயன் இல்லை. அடுத்த தொண்ணூறு நாளும் அவள் தட்டில் என்ன விழுகிறது என்பதுதான் கணக்கு.

கடைசியாக

பாட்டியிடம் ஹாலந்து கதை, இங்கிலாந்து கதை எல்லாம் சொன்னேன். "அது வெள்ளைக்காரிக்குடா" என்று முடித்துவிட்டார். :-(

அவரை மாற்றியது நர்ஸம்மாதான். வீட்டுக்கு வந்தவர் இந்தத் தடவை அக்காவிடம் பேசவே இல்லை. நேராகப் பாட்டி பக்கத்தில் உட்கார்ந்து, "ஆத்தா, பிள்ளை ரெண்டு கிலோவுல பொறந்தா காப்பாத்துறது எவ்வளவு கஷ்டம் தெரியுமா? மூணு கிலோ இருந்தா சுகப்பிரசவமே ஆகும். சோறு போடுறது உங்க பொறுப்பு" என்று சொல்லிவிட்டுப் போனார். "அவளைச் சாப்பிடச் சொல்லுங்க" என்று சொல்லாமல் பொறுப்பையே பாட்டியிடம் கொடுத்துவிட்டார். அன்றைக்கு ராத்திரி பாட்டி கையாலேயே இரண்டு முட்டை வந்தது.

அம்மா ஒரு எவர்சில்வர் டப்பாவில் சத்துமாவையும் பேரீச்சையையும் போட்டு அக்காவின் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார். யாரும் தொடக்கூடாது என்று உத்தரவு. எங்கள் வீட்டுப் பச்சைப் புத்தகம் அதுதான். போன முறை எடை பார்த்தபோது ஒன்றேகால் கிலோ ஏறியிருந்தது.

உங்கள் வீட்டிலும் கர்ப்பிணி யாராவது இருந்தால், "நல்லா சாப்பிடு" என்று அவரிடம் சொல்வதற்கு முன்னால், அவர் பங்கைத் தின்பது யார் என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள். அது நீங்களாகவே இருக்கலாம், என்னைப் போல.

சரி, காஸ்ட் அக்கவுண்டிங் காத்திருக்கிறது. மீண்டும் சந்திப்போம்.