யாரை ஆயத்தப்படுத்துவது? ஜவ்வாது மலையில் குழந்தை ஞானஸ்நானமும் உறவுமுறையும்

குழந்தைக்கு ஞானஸ்நானம் கேட்டு வரும் பெற்றோரை ஓரிரு ஆயத்த வகுப்புகளுக்கு வரச்சொல்வது தமிழகக் கத்தோலிக்கப் பங்குகளில் இன்று பரவலான நடைமுறை. வகுப்பில் தாயும் தந்தையும் இருப்பார்கள். வாய்த்தால் ஞானப்பெற்றோரும் வருவார்கள். தனித்து வாழும் நகரக் குடும்பத்தை மனத்தில் வைத்து உருவான வடிவம் இது. ஜவ்வாது மலை போன்ற பழங்குடிப் பகுதிக்கு இது பொருந்தாது என்பதும், திருச்சபையின் சட்டமும் சடங்கு நூலும் கேட்பதைவிட இது குறுகலானது என்பதும் இக்கட்டுரையின் வாதம். ஆயத்தம் உறவுமுறைக்கும் ஊருக்கும் உரியது. பெற்றோர் அதன் மையம், எல்லை அல்லர்.

களம்

கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்த ஜவ்வாது மலை, திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் மாவட்டங்களில் விரிந்து கிடக்கிறது. ஜமுனாமரத்தூர் மலைமேல் உள்ள முதன்மையான ஊர். மக்களில் மிகப் பெரும்பாலோர் மலையாளிப் பழங்குடியினர். புதூர்நாடு, நெல்லிவாசல்நாடு, புங்கம்பட்டுநாடு என்று திருப்பத்தூர்ப் பக்கத்தில் வழங்கும் பெயர்கள், 'நாடு' என்னும் பழைய கூட்டமைப்பின் தடத்தைக் காட்டுகின்றன. திருமணம், வழக்கு, திருவிழா ஆகியவற்றைக் குடும்பம் தனியே தீர்மானிப்பதில்லை. ஊரும் உறவும் கூடித் தீர்மானிக்கும்.

இம்மலைப் பகுதி வேலூர் மறைமாவட்டத்தைச் சேர்ந்தது. 1952இல் சென்னை–மயிலை உயர்மறைமாவட்டத்திலிருந்து பிரித்து அம்மறைமாவட்டம் உருவாக்கப்பட்டது. அதற்கு முந்தைய ஆண்டே சலேசியர்கள் திருப்பத்தூரில் தூய நெஞ்சக் கல்லூரியைத் தொடங்கியிருந்தனர். மலைமேல் கத்தோலிக்கர் சிறுபான்மையினர். ஒரே வீட்டில், ஒரே உறவின்முறையில் ஞானஸ்நானம் பெற்றவரும் பெறாதவரும் சேர்ந்து வாழ்வது இத்தகைய சூழலில் இயல்பு. ஆகவே ஆயத்தம் யாரை உள்ளடக்குகிறது என்பது இங்கே அருள்பணி நுணுக்கமாக மட்டும் நின்றுவிடாது. குழந்தை எந்த உறவுகளுக்குள் வளரப்போகிறது என்ற கேள்வியும் அதில் அடங்கியிருக்கிறது.

சட்டம் கேட்பது

1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு, எண் 851இல், பெற்றோரும் ஞானப்பெற்றோராக நிற்கவிருப்போரும் அருளடையாளத்தின் பொருளையும் அதனால் வரும் கடமைகளையும் முறையாக அறிந்திருக்க வேண்டும் என்கிறது. பல குடும்பங்களை ஒன்றுகூட்டியும், இயன்றவிடத்து வீடுதோறும் சென்றும் இதைச் செய்யுமாறு பங்குத்தந்தையைப் பணிக்கிறது. எண் 867, பிறந்த சில வாரங்களுக்குள் ஞானஸ்நானம் அளிக்கப்படவேண்டும் என்பதோடு, குழந்தை பிறந்தவுடனேயே, முடிந்தால் பிறப்பதற்கு முன்பே, பெற்றோர் பங்குத்தந்தையை அணுகவும் சொல்கிறது. எண் 868 இரண்டு நிபந்தனைகளை வைக்கிறது: பெற்றோரில் ஒருவராவது இசைய வேண்டும், குழந்தை கத்தோலிக்க நம்பிக்கையில் வளர்க்கப்படும் என்ற நியாயமான நம்பிக்கை இருக்க வேண்டும். அந்த நம்பிக்கை அறவே இல்லாதபோது, காரணத்தைப் பெற்றோருக்கு விளக்கி, ஞானஸ்நானத்தைத் தள்ளிவைக்க வேண்டும்.

அந்த நம்பிக்கைக்கு யார் பிணை நிற்கலாம்? விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் 1980 அக்டோபர் 20இல் வெளியிட்ட அறிவுரை இதற்கு விடை தருகிறது. உறுதியைப் பெற்றோரோ நெருங்கிய உறவினரோ தருவது வழக்கம். கிறிஸ்தவச் சமூகமும் பல வகைகளில் அவர்களுக்கு ஈடாக நிற்கலாம் என்கிறது அது. ஞானஸ்நானத்துக்கான ஆயத்தம் இறைமக்கள் அனைவரின் கடமை என்று கிறிஸ்தவப் புகுமுகச் சடங்குகளுக்கான பொது முன்னுரையும் கூறுகிறது. தாயையும் தந்தையையும் மட்டும் அழைத்து வகுப்பை முடித்துக்கொள்ளும் நடைமுறை இந்த விரிவைச் சுருக்கிவிடுகிறது. தந்தை கூலி வேலைக்காக மலையிறங்கி மாதக்கணக்கில் வெளியூரில் தங்கும் குடும்பத்தில், 'பெற்றோர் வகுப்பு' என்பது நடைமுறையில் தாய் மட்டும் உட்காரும் வகுப்பாக முடியும்.

வரலாறு தரும் இரு படிப்பினைகள்

தமிழ் நிலத்தின் கத்தோலிக்க வரலாறு இரண்டு எதிரெதிரான தவறுகளைக் காட்டுகிறது. முதலாவது முத்துக்குளித்துறையில் நேர்ந்தது. 1535 முதல் 1537 வரை பரதவர் சமூகம் திரளாக ஞானஸ்நானம் பெற்றது. முடிவு சமூகத்தின் கூட்டு முடிவு. ஆனால் போதனை ஏதுமில்லை. 1542இல் அங்கு வந்த பிரான்சிஸ் சவேரியார், கிறிஸ்தவர் என்ற பெயரைத் தவிர மறையைப் பற்றி வேறெதுவும் அறியாத மக்களையே கண்டார். செபங்களைத் தமிழில் பெயர்க்கச் செய்ததும், ஊர்தோறும் கணக்கப்பிள்ளைகள் என்னும் போதகர்களை நியமித்ததும் அந்தக் குறையை ஈடுசெய்யவே. என்றிக்கே என்றிக்கசு 1578இல் கொல்லத்தில் அச்சிட்ட 'தம்பிரான் வணக்கம்' அந்தப் பணியின் தொடர்ச்சி. 1727இல் வீரமாமுனிவர் 'வேதியர் ஒழுக்கம்' எழுதியபோது, ஊருக்குள்ளிருந்தே வரும் போதகரான வேதியர் தமிழக மறைப்பணியின் முதுகெலும்பாகியிருந்தார்.

இரண்டாவது தவறு நேர்மாறானது. 1704 ஜூன் 23இல் திருத்தந்தையின் தூதர் தூர்னோன் புதுச்சேரியில் பிறப்பித்த 16 விதிகளில் பல ஞானஸ்நானத்தைப் பற்றியவை. குழந்தையின்மீது ஊதுவதையும் உப்பிடுவதையும் எச்சில் தொட்டு வைப்பதையும் விடக்கூடாது. புனிதர் பட்டியலில் உள்ள பெயரையே சூட்ட வேண்டும். கிறிஸ்தவப் பெற்றோரின் குழந்தைக்கு ஞானஸ்நானத்தைத் தாமதிக்கக்கூடாது. எச்சிலைத் தீட்டாகக் கருதிய சமூகத்தில், மறைப்பணியாளர்கள் தவிர்த்துவந்த அடையாளத்தை ஆணையிட்டுத் திணித்தது இது. இந்த விதிகளைச் சுற்றி எழுந்த சர்ச்சைக்கு 1744இல் திருத்தந்தை பதினான்காம் பெனடிக்ட் முடிவு கட்டியபோது, சிலவற்றில் காலவரையறையோடு தளர்வு தந்தார்.

1969இல் வெளியான குழந்தை ஞானஸ்நானச் சடங்கில் ஊதுதலும் இல்லை, உப்பும் இல்லை, எச்சிலும் இல்லை. பெயரைப் பொறுத்தவரை, கிறிஸ்தவ உணர்வுக்கு ஒவ்வாததாக இருக்கக்கூடாது என்பதோடு இன்றைய சட்டம் (எண் 855) நிறுத்திக்கொள்கிறது. அதைவிட முக்கியமானது, கேள்விகள் யாரை நோக்கி எழுகின்றன என்பது. பெரியவர்களுக்கான சடங்கின் சுருக்கமாயிருந்த பழைய முறையில், கேள்வி குழந்தையிடம் கேட்கப்பட்டது. ஞானப்பெற்றோர் அதன் குரலாகப் பதில் சொன்னார்கள். புதிய சடங்கு பெற்றோரை நேரடியாக விளித்து அவர்களின் சொந்த நம்பிக்கையைக் கேட்கிறது. தாயும் உடனிருக்கும்படி அவருடைய உடல்நலத்தைக் கருத்தில்கொண்டு நாள் குறிக்கச் சொல்கிறது.

தாய்மாமன் எங்கே நிற்பது?

மலையில் இந்தச் சட்டங்கள் நடைமுறையோடு முதலில் உரசும் இடம் ஞானப்பெற்றோர் தேர்வு. பதினாறு வயது நிறைந்து, உறுதிப்பூசுதலும் நற்கருணையும் பெற்று, நம்பிக்கைக்கேற்ப வாழும் கத்தோலிக்கரே அப்பொறுப்பை ஏற்கலாம் (எண் 874). வேறு திருச்சபையில் ஞானஸ்நானம் பெற்றவர், ஒரு கத்தோலிக்க ஞானப்பெற்றோருடன் சேர்ந்து சாட்சியாக நிற்கலாம். ஞானஸ்நானமே பெறாதவருக்கு அந்த இடமும் இல்லை. ஆனால் தமிழ் உறவுமுறையில் குழந்தையின் காதுகுத்து முதல் திருமணம்வரை முன்னிற்கும் உரிமை தாய்மாமனுக்கு உரியது. முதல் தலைமுறைக் கிறிஸ்தவக் குடும்பத்தில் அவர் ஞானஸ்நானம் பெறாதவராகவே இருக்கக்கூடும். அவரைக் கோயிலின் கடைசி வரிசையில் உட்காரவைத்தால் முறிவது குடும்பத்தின் மரியாதை மட்டுமன்று, குழந்தையின் வருங்காலத் துணையும்தான்.

இதில் பழைய சட்டத்தின் ஒரு கூறையும் நினைவுகூர வேண்டும். 1917ஆம் ஆண்டுத் தொகுப்பின்படி ஞானத்தகப்பனுக்கும் ஞானப்பிள்ளைக்கும் இடையே திருமணத்தடை இருந்தது. தாய்மாமன்–அக்காள் மகள் மணம் வழங்கிய தமிழ்ச் சூழலில், தாய்மாமனை ஞானத்தகப்பனாக்கத் தயங்க அது ஒரு காரணமாக இருந்திருக்கும். 1983ஆம் ஆண்டுத் தொகுப்பு அந்தத் தடையை நீக்கிவிட்டது. இரத்த உறவுத் தடை மட்டும் தொடர்கிறது. எனவே தகுதியுள்ள தாய்மாமனை ஞானத்தகப்பனாக்க இன்று தடையில்லை. தகுதியில்லாதவருக்குச் சடங்கின் விளிம்பில் தெளிவான இடம் தரலாம்: குழந்தையைக் கோயில் வாசல்வரை ஏந்தி வருவது, வெள்ளாடை வாங்கித் தருவது, விருந்தை முன்னின்று நடத்துவது. இவற்றுள் எதுவும் அருளடையாளத்தைத் தொடுவதில்லை. ஆனால் ஆயத்தத்துக்குள் அவரைக் கொண்டுவருகின்றன.

நீரும் தீட்டும்

இன்னும் நுட்பமான சிக்கல் காலம் சார்ந்தது. சட்டம் குறிக்கும் 'சில வாரங்கள்', தமிழகக் கிராம வழக்கில் பிறப்புத் தீட்டுக் கழித்துப் பெயர் வைக்கும் காலத்தோடு ஏறக்குறைய ஒன்றிவிடுகிறது. இரண்டிலும் நீர் உண்டு, பெயர் உண்டு, உறவுகூடல் உண்டு. விளக்கம் இல்லாவிடில் ஞானஸ்நானம் தீட்டுக்கழிப்பின் கிறிஸ்தவ வடிவமாகவே புரிந்துகொள்ளப்படும். பிறப்புநிலைப் பாவம் பற்றிய போதனை, பிரசவம் அசுத்தம் என்ற எண்ணத்துக்கு வலுவூட்டிவிடும். தாயின் உடல் தீட்டானதன்று என்பதை ஆயத்தம் ஐயத்துக்கிடமின்றிச் சொல்ல வேண்டும். இதைத் தம்பதிக்கு மட்டும் சொல்லிப் பயனில்லை. தீட்டைக் கடைப்பிடிக்கவைப்பவர்கள் வீட்டின் மூத்த பெண்கள். அவர்களும் ஆயத்தத்தில் இருந்தாக வேண்டும்.

ஒரு மறுப்பு

ஊரையும் உறவையும் ஆயத்தத்துக்குள் கொண்டுவந்தால் தனிமனித நம்பிக்கை கரைந்துவிடாதா, முத்துக்குளித்துறையின் கதைதானே திரும்பும் என்று கேட்கலாம். அங்கே நிகழ்ந்தது போதனையற்ற கூட்டு முடிவு. இங்கே முன்மொழிவது கூட்டுப் போதனை. முடிவு பெற்றோருடையதே. இன்னொரு கவலையும் நியாயமானது: உறவுமுறைக்கு இடம் தந்தால் கிறிஸ்தவம் உறவின்முறைக்குள்ளேயே அடைபட்டுவிடலாம். இதற்கு எண் 873இலேயே வழியுண்டு. ஞானத்தகப்பன், ஞானத்தாய் என இருவரை அது அனுமதிக்கிறது. ஒருவர் உறவுக்குள்ளிருந்தும், மற்றவர் வேறு ஊரின் அன்பியம் என்னும் அடிப்படைக் கிறிஸ்தவக் குழுவிலிருந்தும் வரும்படி பங்குகள் வழக்கப்படுத்தலாம்.

முடிவு

இதன்படி ஆயத்தம் கர்ப்ப காலத்திலேயே தொடங்க வேண்டும். பிரசவத்துக்குத் தாய் பிறந்தகம் போவதால், கணவனூர்ப் பங்கும் தாயூர்ப் பங்கும் பொறுப்பைப் பகிர வேண்டும். கூட்டம் கோயிலைவிட வீட்டில் நடப்பது நல்லது. வயல்வேலையும் வெளியூர் வேலையும் அனுமதிக்கும் மாலைகளில், ஊரைச் சேர்ந்த வேதியரின் முன்னிலையில் அது நடக்க வேண்டும். ஞானஸ்நானத்தால் பழங்குடிச் சான்றிதழுக்குப் பாதிப்பு வருமோ என்ற அச்சத்துக்கும் அங்கே தெளிவான பதில் தேவை: பட்டியல் சாதியினருக்கான 1950ஆம் ஆண்டு ஆணையில் உள்ள மத நிபந்தனை, பட்டியல் பழங்குடியினருக்கான ஆணையில் இல்லை. இவ்வளவுக்கும் புதிய சட்டமோ உரோமையின் தனி அனுமதியோ வேண்டியதில்லை. எழுதப்பட்டிருக்கும் சட்டத்தை அதன் முழு அகலத்தில் படிக்கும் பங்குகளும், வகுப்பறையிலிருந்து திண்ணைக்கு நகரத் துணியும் வேதியர்களும் இருந்தால் போதும்.