கைத்திறனா, இயந்திரமா?

மோட்டார்ப் பந்தயம் என்றதும், "அது பணக்காரர்களின் விளையாட்டு" என்று நம் வீடுகளில் பலர் ஒதுக்கிவிடுகிறார்கள். அச்சொல்லில் உண்மை உண்டு. ஆனால் அது முழு உண்மை அன்று. பந்தயத்தில் வெல்வது ஓட்டுபவரின் கைத்திறனா, இயந்திரத்தின் வலிமையா, அல்லது அதை வாங்கிய பணப்பையா? இந்தக் கேள்விக்கு விடைதேடிப் பல நாடுகள் விதிகளை வகுத்துப் பார்த்திருக்கின்றன. அந்த வரலாற்றைச் சிறிது பார்ப்போம்.

ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டியவர்களுக்கு இக்கேள்வி புதியதன்று. ஒருவருக்கு நல்ல பால் தரும் இளமரங்கள் நிறைந்த நிரை கிடைக்கிறது. மற்றவருக்குப் பட்டை தேய்ந்த கிழமரங்கள் வாய்க்கின்றன. பாலை நிறுக்கும்போது முதலாமவரின் வாளி கனக்கிறது. அதைக்கொண்டு அவரே சிறந்த வெட்டுக்காரர் என்று கூற முடியுமா? இருவருக்கும் ஒரே வகை மரங்களைக் கொடுத்தால்தான் கத்தி பிடித்த கையின் திறமை வெளிப்படும். பந்தயத்திலும் நியாயம் இதுவே.

முதலில் நம் நாட்டைப் பார்ப்போம். மலேசியக் கிராண்ட் பிரி பந்தயம் 1962இல் சிங்கப்பூரின் தாம்சன் சாலையில் தொடங்கியது. 1965இல் சிங்கப்பூர் பிரிந்தபின் நமக்கெனத் தனியே ஒரு பந்தயப் பாதை தேவையாயிற்று. 1968இல் அது பத்து தீகாவில் அமைந்தது. பிரிக்பீல்ட்ஸ் பக்கமிருந்து கிள்ளானுக்குப் போகும் கூட்டரசு நெடுஞ்சாலையை ஒட்டிய இடம் அது. ரப்பரும் செம்பனையும் வளர்ந்த அந்த வட்டாரத்தில்தான் பின்னர் ஷா ஆலம் நகரம் எழுந்தது. 1985 டிசம்பரில் உலகப் பந்தயக் கார்கள் அங்கு வந்து 800 கிலோமீட்டர்ப் போட்டியில் ஓடின. போர்ஷே காரில் ஜேக்கி இக்ஸ், யோகன் மாஸ் இருவரும் வென்றனர். அத்தகைய கார்களுக்குப் பின்னால் பெரிய தொழிற்சாலைகள் நின்றன. புதிதாகத் தொடங்கும் இளைஞனுக்கு அங்கே இடமேது?

தொடங்குவோருக்கென ஒரு வழியை இங்கிலாந்தில் கண்டார்கள். 1967 ஜூலையில் பிராண்ட்ஸ் ஹாட்ச் பாதையில் 'பார்முலா போர்ட்' என்னும் பந்தயம் ஆரம்பமாயிற்று. சாலையில் ஓடும் போர்ட் கார்ட்டினா காரின் இயந்திரமே எல்லாருக்கும் பொது. காரைத் தரையோடு அழுத்திப் பிடிக்கும் இறக்கைகளுக்கு இடமில்லை. காரின் விலை 1,000 பவுனைத் தாண்டக்கூடாது என்பது தொடக்ககால நோக்கம். பின்னாளில் உலகச் சாம்பியனான அயர்ட்டன் செனா 1981இல் இங்கிலாந்துக்கு வந்ததும் இப்பந்தயத்தில்தான் ஓடினார்.

தமிழகத்திலும் இவ்வெண்ணம் வேர்விட்டது. கோயம்புத்தூரைச் சேர்ந்த எஸ். கரிவரதன், மாருதி 800 காரின் 796 சி.சி. இயந்திரத்தைப் பொருத்தி, ஒருவர் மட்டும் அமரும் பந்தயக் காரை உருவாக்கினார். அதுவே 'பார்முலா மாருதி'. அவர் 1995இல் விமான விபத்தில் மறைந்தார். அந்தக் காரில் ஓடிப் பழகிய நரேன் கார்த்திகேயன் 2005இல் பார்முலா 1 பந்தயத்தில் ஓடிய முதல் இந்தியரானார். ஆயினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவருடைய தந்தையும் ராலி ஓட்டுநரே. மேலே ஏறுவதற்கு இந்திய நிறுவனங்களின் பொருளுதவியும் அவருக்குத் தேவைப்பட்டது.

ஆம், முன்வாசலை அடைத்தால் பணம் பின்வாசலில் நுழையும். ஒரே வகை இயந்திரம் என்று விதித்தார்கள். வசதியுள்ளவர்கள் பல இயந்திரங்களை வாங்கிப் பிரித்து, விதி அனுமதிக்கும் அளவின் விளிம்பில் நிற்கும் பாகங்களைப் பொறுக்கிச் சேர்த்தார்கள். போட்டிக்குப் போட்டி புது டயர் மாட்டினார்கள். நாள் முழுதும் பயிற்சி ஓட்டம் ஓடினார்கள். ஆகவே அமைப்பாளர்கள் விதிகளை இறுக்கினார்கள். இயந்திரத்துக்கு முத்திரை வைத்தார்கள். காரைத் தராசில் ஏற்றி நிறுத்தார்கள். டயர்களுக்குக் கணக்கு வைத்தார்கள். சில கார்ட் பந்தயங்களில் சீட்டுக் குலுக்கியே வண்டியைக் கொடுக்கிறார்கள்.

நம் நாட்டில் இவ்வழி முதலில் எளிய வண்டியில் திறந்தது. நாம் 'கப்சாய்' என்றழைக்கும் சிறிய மோட்டார் சைக்கிளுக்கென 1994இல் கப் பிரிக்ஸ் பந்தயத் தொடர் ஆரம்பமானது. சிலாங்கூர் பந்திங்கில் பிறந்த சுல்பாமி கைருடின் அதில் ஓடித் தேர்ந்தவர். 2012இல் சிப்பாங்கில் நடந்த உலகப் போட்டியின் மோட்டோ 3 பிரிவில் அவர் இரண்டாமிடம் பெற்றார். அந்தப் பிரிவும் விதிகளால் கட்டப்பட்டதே. ஒற்றைச் சிலிண்டர், 250 சி.சி., அப்போது நிமிடத்துக்கு 14,000 சுற்றுக்கு மேற்படாத வேகம், இயந்திர விலைக்கு உச்சவரம்பு. கார்களில் 2017இல் டொயோட்டா வியோஸ் பந்தயம் தொடங்கியது. அதில் குடும்பத்தினர் ஓட்டும் அதே வகைக் கார்கள் ஒரே விதமாகத் தயார்செய்யப்பட்டு ஓடின.

பத்து தீகா பாதை 2003இல் மூடப்பட்டது. 1999இல் திறந்த சிப்பாங் பாதை அதற்கு முன்பே அதன் இடத்தைப் பிடித்துவிட்டது. ஆனால் பழைய கேள்வி மறையவில்லை. விதி இயந்திரத்தைச் சமமாக்கும். வறியவன் வீட்டில் பணத்தைக் கொண்டுவந்து வைக்காது. நுழைவுக் கட்டணம், பாதுகாப்பு உடை, பயிற்சி ஆகியவற்றுக்கு இன்றும் துணை வேண்டும். எனினும் விதி உள்ள இடத்தில் திறமை கண்ணுக்குத் தெரிகிறது; தெரிந்தால்தான் துணையும் தேடி வரும்.

பொதுச்சாலையில் நள்ளிரவில் பந்தயம் விடும் பிள்ளைகளுக்கு இதை எடுத்துச் சொல்ல வேண்டும். அங்கே தராசு இல்லை, முத்திரை இல்லை, நடுவரும் இல்லை. முந்தியது கையா இயந்திரமா என்று யாராலும் சொல்ல முடியாது. வென்றவன் எதையும் நிரூபிப்பதில்லை. தோற்றவன் சில வேளைகளில் வீடு திரும்புவதில்லை. வண்டியின் மேல் ஆசைகொண்ட பிள்ளைக்குப் பட்டறையும் ஒரு வாசலே. பந்தயக் குழுவில் ஓட்டுபவர் ஒருவர். இயந்திரம் அறிந்த கைகள் பல.